வலி வருமுன் வந்த நர்சுகள்! திண்டுக்கல்லில் சாவு குறைந்தது எப்படி?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காத நோய்க்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக எந்தக் களையெடுக்கும் பெண்ணால் முடியும்? உதிரப்போக்கு நிற்காமல், பதறியடித்து சென்னைக்கு ரெயில் ஏறும்போது நோய் முற்றியிருக்கும்.

வந்த பிறகும் செலவு விடாது. "கரண்ட்" வைக்க வாரம் 5 நாள், 5 வாரத்துக்கு மேல் தங்கவேண்டும். சிகிச்சை இலவசமாகவே இருக்கட்டும். சோறு யார் போடுவது? ஊரில் விட்டுவந்த பிள்ளைகளை யார் பார்ப்பது? உதிரம் நின்றதும் "சரியாப் போச்சு" என்று பாதியில் மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி இதைத் தலைகீழாக்கியது. பயிற்சி பெற்ற நர்சுகளே கிராமத்துக்குப் போனார்கள். பெரிய மெஷின் கிடையாது. வினிகரில் இருக்கும் அதே அமிலத்தைத் தடவினால், கெட்ட இடம் 1 நிமிஷத்தில் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். தக்கவர்களுக்கு அதை உறையவைத்து அழிக்கும் வைத்தியமும் அங்கேயே.

2007-ல் வெளியான கணக்குப்படி, நர்சுகள் போகாத ஊர்களைவிட இந்த ஊர்களில் அந்த நோயால் சாவு 35 சதவீதம் குறைவு!

அழைக்கப்பட்ட பெண்கள் 49 ஆயிரம் பேர். சோதனைக்கு வந்தவர்கள் 31 ஆயிரம். கிட்டத்தட்ட 18 ஆயிரம் பேர் அப்போதும் வரவில்லை.