1940: பிரான்சின் தோல்வியும் புதுச்சேரியின் முடிவும்

இரண்டாம் உலகப் போரில் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றபோது, அத்தோல்வியை ஏற்காமல் போரைத் தொடர்ந்தவர்களின் இயக்கம் 'சுதந்திர பிரான்சு' எனப்படுகிறது. புதுச்சேரியைத் தலைநகராகக் கொண்ட பிரெஞ்சிந்தியா 1940 செப்டம்பரில் அதனுடன் இணைந்தது.

பின்னணி

1940 ஜூன் 14 அன்று பாரிஸ் வீழ்ந்தது. மூன்று நாள் கழித்து, புதிய பிரதமர் மார்ஷல் பெத்தேன் போரை நிறுத்த வேண்டும் என்றார். மறுநாள், ஜூன் 18 அன்று, ஜெனரல் டி கோல் லண்டன் வானொலியில் போரைத் தொடர அழைப்பு விடுத்தார். ஜூன் 22 அன்று போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. ஜூலை 10 அன்று பெத்தேனுக்கு முழு அதிகாரம் வழங்கும் தீர்மானத்தை 569 பேர் ஆதரித்தனர். 80 பேர் எதிர்த்து வாக்களித்தனர். ஆகஸ்டில் பெத்தேன் அரசின் இராணுவ நீதிமன்றம் டி கோலுக்கு மரண தண்டனை விதித்தது. ஆகவே அவர் பக்கம் சேர்வது ஆளுநர்களுக்கு எளிய முடிவாக இருக்கவில்லை.

புதுச்சேரியின் நிலை

அப்போதைய ஆளுநர் லூயி போன்வேன் டி கோல் பக்கம் நின்றார். இதற்குக் கொள்கையோடு சூழலும் துணைநின்றது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் நிலவழியில் பிரிட்டிஷ் இந்தியாவால் சூழப்பட்டவை. பிரிட்டனைப் பகைத்துக்கொண்டால் வணிகம் முடங்கிவிடும். தமிழர் பலர் வாழ்ந்த இந்தோசீனாவில் நிலைமை வேறு. அங்கு ஆளுநர் கத்ரூ நீக்கப்பட்டார். அப்பகுதி பெத்தேன் அரசின் பக்கமே இருந்தது. பதவியிழந்த கத்ரூ பின்னர் டி கோலுடன் சேர்ந்தார்.

யாருக்கு விடுதலை?

பிரான்சின் விடுதலைக்காகப் போராடியவர்கள், தாங்கள் ஆண்ட மக்களின் விடுதலையை ஏற்கவில்லை. புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தனர். 1944-இல் சுதந்திர பிரான்சு நடத்திய பிராசவில் மாநாடு, குடியேற்ற நாடுகளுக்குத் தன்னாட்சி என்ற எண்ணத்தையே நிராகரித்தது.

ஆனால் அந்நிய ஆட்சியை ஏற்க மறுக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. போருக்குப் பின் புதுச்சேரியில் விடுதலைக் கோரிக்கை வலுத்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. அப்போது பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்தவர், 1940-இல் தோல்வியை ஏற்க மறுத்த அதே டி கோல்.