5.9-ஐ விட 5.10 எப்படி உயரம்?

கல்யாண புரோக்கர் கொண்டு வரும் பயோடேட்டாவைப் பாருங்க. "மணமகன் உயரம் 5.10" என்று இருக்கும். போன வாரம் வந்தவர் 5.9. "இந்தப் பையன் கொஞ்சம் உயரம்" என்று பெண் வீட்டில் பேசிக்கொள்வார்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதையே கணக்குப் பரீட்சையில் 5.10 தான் 5.9-ஐ விடப் பெரியது என்று எழுதினால் மார்க் போச்சு. 5.10 என்றால் 5.1 தானே?

புரோக்கரும் சரி, கணக்கு டீச்சரும் சரி. புரோக்கர் வைக்கிற புள்ளிக்கு வலது பக்கம் இருப்பது அங்குலம். 12 அங்குலம் சேர்ந்தால் ஓர் அடி. அதாவது, அவருக்கே தெரியாமல் 12-ஐ அடிமானமாக வைத்து எழுதுகிறார். கிரிக்கெட்டில் 19.5 ஓவருக்கு அடுத்த பந்தோடு 20 ஓவர் முடிந்துவிடுவதும் இதே கதைதான். அங்கே அடிமானம் 6. பத்தைத் தவிர வேற அடிமானம் கம்ப்யூட்டர் சயின்ஸ் காரங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சிருந்தா, டீக்கடையில் ஸ்கோர் பார்க்கிற எல்லாருமே அந்த டிபார்ட்மென்ட்தான்.

5.10-ல் சிக்கல் எங்கே வருது? பத்து என்ற எண்ணுக்கு ஒரே ஒரு இலக்கம் இல்லாததால். பன்னிரண்டை அடிமானமாக வைத்தால் 0 முதல் 9 வரை போக, பத்துக்கும் பதினொன்றுக்கும் தனித்தனிக் குறி வேண்டும். தமிழில் பத்துக்கு ஏற்கெனவே ஒரு குறி இருக்கு: ௰. பதினொன்றுக்கு இந்தக் கட்டுரை வரைக்கும் ஆய்த எழுத்தை எடுத்துக்கிறேன்: ஃ. பாவம், அஃது, எஃகு தவிர அதுக்கு வேற பெரிய வேலை இல்ல. புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி. இப்போ மாப்பிள்ளையின் உயரம் 5;௰. 5;9-க்கு அடுத்தது 5;௰, அடுத்தது 5;ஃ, அதற்கு அடுத்தது 6;0. சண்டை தீர்ந்தது. இந்த முறையில் "10" என்று எழுதினால் பன்னிரண்டு, "100" என்று எழுதினால் நூற்று நாற்பத்து நாலு. ஃபேன்சி ஸ்டோருக்கு மொத்தச் சரக்கு எடுப்பவர்கள் குரோஸ் என்கிறார்களே, அதே 144.

சரி, இருக்கிற பத்தை விட்டுட்டு எதுக்கு இந்த வம்பு?

ஒரு ஏலக்காயை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்க. போடியில் இருந்துகொண்டு இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். உள்ளே மூன்று அறைகள் இருக்கும். பதினைந்து, இருபது விதைகள் அந்த மூன்று அறைக்குள் பிரிந்து இருக்கும். வெளியே காய் முக்கோணமாகத் தெரிவதும் அதனால்தான். செடி எந்தத் தயக்கமும் இல்லாமல் மூன்றாகப் பிரித்துவிடுகிறது. அந்தக் காயைக் காயவைத்து, சல்லடையில் 7 மி.மீ., 8 மி.மீ. என்று தரம் பிரித்து, ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் கிலோ கணக்கில் விற்கிறோம். அந்த ஒரு கிலோவை மூன்று பங்காளிகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 333 கிராம், மீதி ஒரு கிராம். மூணுல ஒரு பங்கு என்பது நம்ம ஊரில் தினமும் வருகிற கணக்கு. பத்தின் மடங்குகளில் அது ஒருபோதும் முடியாது. 0.3333 என்று போய்க்கிட்டே இருக்கும்.

காரணம் எளிது. பத்தை 2-ஆலும் 5-ஆலும் மட்டுமே மீதியில்லாமல் வகுக்க முடியும். பன்னிரண்டை 2, 3, 4, 6 நான்காலும் வகுக்கலாம். அதனால் பன்னிரண்டு அடிமானத்தில் அரை என்பது 0;6. மூன்றில் ஒன்று 0;4. கால் 0;3. ஆறில் ஒன்று 0;2. எட்டில் ஒன்று 0;16, ஒன்பதில் ஒன்று 0;14. எல்லாம் இரண்டு இலக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. அடி வாங்குவது ஐந்தில் ஒன்று: 0;2497 2497 2497 என்று முடிவில்லாமல் ஓடும். இதை மறைத்துவிட்டு 12-க்குப் பிரசாரம் செய்பவர்களை நம்பாதீங்க. கேள்வி என்னன்னா, வாழ்க்கையில் மூன்றாகப் பிரிப்பது அதிகமா, ஐந்தாகப் பிரிப்பது அதிகமா? என் ஓட்டு மூன்றுக்கு.

நம்ம முன்னோர் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் ஒரு ஆச்சரியம். தமிழ் பின்ன வாய்ப்பாடு உலகத்துக்கே பெருமை என்று வாட்ஸ்அப்பில் வரும். உண்மையிலேயே நுணுக்கமானதுதான். அரை, கால், அரைக்கால், மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஆனால் 320-ஐ உடைத்துப் பாருங்க: ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும். மூன்றே கிடையாது. முந்திரிக்குக் கீழே கீழ்முந்திரி வரை இறங்கினாலும் மூன்றில் ஒன்று சரியாகக் கிடைக்காது. அந்த வாய்ப்பாடும் பத்து அடிமானமும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

மூன்று நம்ம கைக்கு வந்தது காசு வழியாக. 1957-க்கு முன்னால் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. (கைப்பை இல்லை, காசு. பழைய கணக்கு நோட்டுகளில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி போட்டிருப்பார்கள்.) ஆக, ஒரு ரூபாய்க்கு 192 பை. மூன்று பேருக்கு ஒரு ரூபாய் கூலி என்றால் ஆளுக்கு 5 அணா 4 பை. மீதி கிடையாது, ரவுண்ட் ஆஃப் கிடையாது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆனது. அன்றைக்கு மூன்றில் ஒரு ரூபாய் என்ற தொகை நம்ம நாட்டில் இல்லாமல் போனது; 33 பைசா, 33 பைசா, 34 பைசா என்று யாரோ ஒருத்தருக்குக் கூட்டிக் கொடுத்தாகணும். பழைய அணாவை மாற்றுவதும் குழப்பம்தான். ஓர் அணா 6 நயா பைசா, இரண்டு அணா 12, ஆனால் மூன்று அணா 19, நாலணா 25. ஓர் அணாவுக்குச் சரியான மதிப்பு 6.25 என்பதால் இப்படி அங்கங்கே தட்டி உட்கார வைத்தார்கள்.

அப்படியென்றால் 1957-ல் செய்தது தப்பா? இந்த இடத்தில்தான் 12 பிரியர்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அணா-பை கணக்கில் அலகுகள் 16-லும் 12-லும் இருந்தன. எழுதிய எண்களோ பத்தில் இருந்தன. 7 பையும் 8 பையும் கூட்டினால் 15, அதை 1 அணா 3 பை என்று மாற்று, அணாக்களைக் கூட்டு, 16 தாண்டினால் ரூபாய்க்கு ஏற்று. ஒரே கூட்டலில் மூன்று அடிமானம். பள்ளிப் பிள்ளைகள் பட்ட பாடு அதுதான். ஆக, அங்கே தோற்றது 12 என்ற எண் இல்லை, அலகு ஒரு பக்கமும் எண்முறை ஒரு பக்கமும் இழுத்த பொருத்தமின்மை. அதைத் தீர்க்க இரண்டு வழி இருந்தது: அலகைப் பத்துக்கு மாற்றலாம், அல்லது எண்முறையையே பன்னிரண்டுக்கு மாற்றலாம். உலகமே முதல் வழியில் போனது. பிரிட்டனும் 1971 பிப்ரவரி 15-ல் 12 பென்னி ஷில்லிங்கைக் கைவிட்டது. கடிகாரத்தை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-ல் நாளைப் பத்து மணியாகப் பிரித்துச் சட்டமே போட்டார்கள், 1795-ல் கைவிட்டார்கள்.

இரண்டாவது வழியைச் சொன்னவர்களும் இருந்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பக்கம் போனவர்களுக்கு ஒரு பெயர் தெரிந்திருக்கும்: பிட்மன். சுருக்கெழுத்தைக் கண்டுபிடித்த அதே ஐசக் பிட்மன்தான், 19-ஆம் நூற்றாண்டிலேயே 12 அடிமானத்துக்காக வாதாடியவர். பத்துக்கும் பதினொன்றுக்கும் அவர் எடுத்தது தலைகீழாகத் திருப்பிய 2-ம் 3-ம். அச்சகத்தில் புது எழுத்து வார்க்க வேண்டாம், இருப்பதையே திருப்பி வைத்தால் போதும்! அந்த இரண்டு குறிகளும் 2015-ல் யூனிகோடில் சேர்ந்துவிட்டன. அமெரிக்காவில் எஃப். எமர்சன் ஆண்ட்ரூஸ் 1934-ல் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் ஒரு கட்டுரை எழுதி, அடுத்த வருடம் 'நியூ நம்பர்ஸ்' என்று புத்தகமே போட்டார். 1944-ல் அங்கே இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள், பிரிட்டனில் 1959-ல். நம்ம பக்கத்திலும் உண்டு. மாலத்தீவின் திவெஹி மொழியில் பழைய எண்ணும் முறை பன்னிரண்டு பன்னிரண்டாகப் போவது; அதன் ஒரு வழக்கைத்தான் நம்ம லட்சத்தீவின் மினிக்காயில் பேசுகிறார்கள். நேபாளத்தில் செபாங் மக்களின் மொழியிலும் 12 அடிமான எண்கள் உண்டு.

தமிழில் பன்னிரண்டு என்ற சொல்லுக்குள்ளேயே பத்து உட்கார்ந்திருக்கு, அதை அசைக்க முடியாது. ஆனால் நம்ம கை வேற கதை சொல்லுது. கட்டைவிரலை விட்டால் நாலு விரல், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் 12. கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டு எண்ணுவதை வீட்டில் பாட்டி செய்து பார்த்திருப்பீங்க. இதில் ஒரு வேடிக்கை: ஜபத்துக்குக் கணுவை எண்ணும் பரவலான ஒரு முறையில், நடுவிரலின் கீழ் இரண்டு கணுக்களை மேரு என்று தொடாமல் விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு கணு உள்ள கையில் இரண்டைக் கழித்துப் பத்தாக்கிக்கொள்கிறார்கள்! அந்த இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள். ஒரு கை முடிந்தால் 12. இடது கையில் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கினால் 60. இடது கையிலும் கணுக்களையே தொட்டுக் கணக்கு வைத்தால் 144 வரை போகலாம். பத்து விரல் முறையில் பத்தோடு கை காலி. போடிமெட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது கொண்டை ஊசி வளைவுகளை இப்படி எண்ணிப் பாருங்க: 17 வளைவு, ஒரு கைச் சுற்றும் ஐந்து கணுவும். எழுதினால் 15.

சுவரில் தொங்கும் தமிழ் எழுத்து அட்டையையும் இந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்க. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216. பன்னிரண்டு அடிமானத்தில் எழுதினால் உயிர் 10, மெய் 16, உயிர்மெய் 160. பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர்ப்போமே, அதேதான்.

சிவில் நண்பர்களுக்கு இது வெறும் விளையாட்டு இல்லை. சைட்டில் டேப் இன்னும் அடி-அங்குலம்தான் பேசுது. 5 அடி 6 அங்குலத்துக்கு 4 அடி 4 அங்குலம், பரப்பு என்ன? கால்குலேட்டரில் 5.5 × 4.33 போட்டால் 23.815. உண்மை விடை 23.8333... 12 அடிமானத்தில் 5;6 × 4;4. நாலு தடவை 5;6 என்றால் 1௰;0. அதில் 0;4 தடவை 5;6, அதாவது 1;௰, சேர்த்தால் 1ஃ;௰. அதாவது 23 சதுர அடியும், ஒரு சதுர அடியில் பன்னிரண்டில் பத்துப் பங்கும். துல்லியம், தோராயமே இல்லை. சும்மா ஒரு தகவல்: 2010 இறுதியில் மூடிய நம்ம மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் அட்சரசுத்தமாக 1000 மி.மீ. 2023 ஜூனில் ரயில் திரும்பி வந்த அகலப் பாதை 1676 மி.மீ. இது என்ன விநோத எண் என்று தோணும்; 5 அடி 6 அங்குலம், அதாவது 5;6. ஊர் முழுக்க மெட்ரிக் ஆன பிறகு நம்ம தண்டவாளம் மட்டும் பத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போயிருக்கு.

அதனால் ரூபாயை மாற்றச் சொல்லி நான் கொடி பிடிக்கப் போவதில்லை. விலை, ஜி.எஸ்.டி., மார்க், கிலோ எல்லாம் பத்தில் ஓடும்போது நடுவில் பன்னிரண்டை நுழைத்தால் பழைய அணா-பை வேதனைதான் திரும்பும். ஏற்கெனவே பன்னிரண்டில் வருகிற இடங்களில் பன்னிரண்டாகவே எழுதிப் பழகலாம்: டஜன், குரோஸ், அடி-அங்குலம், மாதம், வருடம். ஒரு வருடம் 7 மாதம் என்பது 1;7 வருடம். மூன்று வருட லோனில் மூன்றில் ஒரு பங்கு கட்டியாச்சு என்றால் 1;0.

எண்ணை மாற்றும் வழி ஹெக்ஸாடெசிமலுக்குச் செய்வதுதான், 16-க்குப் பதில் 12. 2030-ஐ எடுங்கள். 12-ஆல் வகுத்தால் ஈவு 169, மீதி 2. 169-ஐ வகுத்தால் ஈவு 14, மீதி 1. 14-ஐ வகுத்தால் ஈவு 1, மீதி 2. கடைசியில் நிற்கும் 1. கீழிருந்து மேலே படித்தால் 1212.

2030-ஐச் சும்மா எடுக்கவில்லை. குரங்கணிக்கு மேலே, டாப் ஸ்டேஷன், மூணாறு பக்கம் நீலக்குறிஞ்சி கூட்டமாகப் பூத்த வருடங்கள் 1994, 2006, 2018. இடையில் அங்கங்கே வேறு கூட்டங்கள் பூப்பது உண்டு, ஆனால் மலையே நீலமாவது இந்த வரிசையில்தான். 4, 6, 8 என்று முடிகிற இந்த எண்களைப் பார்த்து அடுத்தது எப்போது என்று சொல்ல விரல் விட்டுக் கூட்டணும். 12-ல் எழுதினால் 11௰2, 11ஃ2, 1202. எல்லாமே 2-ல் முடிகிறது. அடுத்த பூ 1212-ல். அதுக்கு அடுத்தது 1222.