ஒகேனக்கல் அருவியைப் படம்பிடித்தவர்
பிரான்சு நாட்டில் கிடைத்த கவுரவம்

தர்மபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் காவிரி பாறை இடுக்குகளில் பாய்ந்து விழுகிறது. நீர்த்துளிகள் புகைபோல் எழும்புகின்றன. கன்னடத்தில் "ஹொகே" என்றால் புகை. அதனால் வந்ததுதான் இந்தப் பெயர்.

நேரில் போகாதவர்களும் இந்த அருவியைச் சினிமாவில் பார்த்திருப்பார்கள். 1992-ல் வெளிவந்த "ரோஜா" படத்தில், கதாநாயகி மதுபாலா தன் ஆசைகளை அடுக்கிப் பாடுவாரே, அந்தப் பாட்டின் பெரும்பகுதி இங்கேதான் எடுக்கப்பட்டது.

டைரக்டர் மணிரத்னம், இசை ஏ.ஆர்.ரகுமான், பாட்டு வைரமுத்து. இது ஊருக்கே தெரியும். காமிரா பிடித்தவர் யார்?

அவர் பெயர் சந்தோஷ் சிவன்.

அருவியைப் படம்பிடிப்பது லேசான வேலை அல்ல. நுரை வெள்ளை, பாறை கறுப்பு. நுரைக்கு ஏற்றபடி வெளிச்சத்தை அளந்தால் பாறை இருண்டுவிடும். பாறைக்கு அளந்தால், நுரை வெளுத்த துணிபோல் ஆகிவிடும். நடுவில் நடிகையின் முகமும் தெரியவேண்டும்! போதாததற்குச் சாரல் வேறு லென்சை நனைக்கும்.

சந்தோஷ் சிவன் திருவனந்தபுரத்துக்காரர். தந்தை சிவன் பெயர்பெற்ற போட்டோ கலைஞர். மகன் புனே திரைப்படக் கல்லூரியில் படித்தார். தமிழில் தளபதி, இருவர், ராவணன் ஆகியவை இவர் காமிராதான்.

லண்டன் அழைத்தது

2004-ல் வந்த "பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்" ஒரு பிரிட்டிஷ் படம். ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட ஆங்கில நாவலை இந்தியக் குடும்பக் கதையாக மாற்றியவர், டைரக்டர் குரிந்தர் சத்தா என்ற பெண்மணி. காமிரா சந்தோஷ் சிவன். கதாநாயகி ஐஸ்வர்யா ராய். ஐஸ்வர்யாவை "இருவர்" மூலம் முதன்முதலில் திரையில் காட்டியதும் இதே காமிராதான்!

கேன்ஸ் மேடை

பிரான்சில் ஆஞ்செனியூ என்ற சினிமா லென்சு கம்பெனி இருக்கிறது. அதை நிறுவியவர் பெயரால், கேன்ஸ் திரைப்பட விழாவில் சிறந்த ஒளிப்பதிவாளர் ஒருவரைக் கவுரவிக்கிறார்கள். 2024 மே 24-ந் தேதி அந்தக் கவுரவம் சந்தோஷ் சிவனுக்குக் கிடைத்தது. இந்தியாவில் இதைப் பெற்ற முதல் ஆள் இவர். விருதைக் கையில் கொடுத்தவர், இவர் படம்பிடித்த "உயிரே"யில் அறிமுகமான நடிகை பிரீத்தி ஜிந்தா.

சந்தோஷமான நாள்தான். ஆனால் 16 நாள் முன்பு, மே 8-ந் தேதி, அண்ணன் சங்கீத் சிவன் காலமாகியிருந்தார். அவர் டைரக்டர். அண்ணன் எடுத்த "யோதா" மலையாளப் படத்துக்குக் காமிரா பிடித்தவர் தம்பிதான். "ரோஜா" வந்த அதே 1992-ல் வந்த படம் அது.