பெண்ணியவாதிகளுக்குள் ஏன் இந்தத் தலைமுறைச் சண்டை?

2018 அக்டோபரில் பாடகர் சின்மயி தமக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைப் பற்றிப் பேசியபோது பலர் கேட்டது: "ஏன் அப்பவே சொல்லல?"

அதற்கு ஓராண்டு முன்பு, இந்தியப் பெண்ணியவாதிகளே வேறொரு கேள்வியால் பிரிந்து நின்றார்கள். சொல்வதென்றால், எங்கே போய்ச் சொல்வது?

என்ன நடந்தது?

2017 அக்டோபரில் சட்ட மாணவர் ராயா சர்க்கார் ஃபேஸ்புக்கில் ஒரு பட்டியலை வெளியிட்டார். பாலியல் தொல்லை தந்ததாகச் சொல்லப்பட்ட பேராசிரியர்களின் பெயர்கள் அதில் இருந்தன. புகார் சொன்னவர்கள் யார் என்பது இல்லை. பலரைப் பற்றி விவரமும் இல்லை.

நிவேதிதா மேனன், கவிதா கிருஷ்ணன் முதலிய மூத்த பெண்ணியவாதிகள் உடனே அறிக்கை விட்டார்கள். பட்டியலை மீட்டுக்கொள்ளுங்கள், முறைப்படி புகார் கொடுங்கள், துணை நிற்கிறோம் என்றார்கள்.

இளையவர்கள் பலர் கொதித்துப்போனார்கள்.

மூத்தவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்?

அந்த 'முறை' சும்மா கிடைக்கவில்லை. 1992இல் ராஜஸ்தானில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற கிராமப் பணியாளர் பன்வாரி தேவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையடுத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997இல் வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா நெறிமுறைகள் வந்தன. அவை சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின.

அவ்வளவு பாடுபட்டவர்களுக்கு, விசாரணையே இல்லாத பட்டியல் பயம் தந்ததில் வியப்பில்லை.

இளையவர்கள் தரப்பு?

புகார்க் குழுவில் இருப்பது அதே பேராசிரியரின் சக ஊழியர்கள். முனைவர் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. யார் துணிந்து போவார்?

சாதியும் இதில் இருந்தது. அறிக்கை விட்டவர்களில் பெரும்பாலோர் உயர்சாதியினர், பட்டியலில் உள்ளவர்களின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று தலித், பகுஜன் பெண்கள் சுட்டிக்காட்டினார்கள். பன்வாரி தேவியின் கதையையே அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவரால் நாட்டுக்குச் சட்டம் கிடைத்தது. அவருக்கு? 1995இல் கீழ் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இதை வெறும் வயசுச் சண்டைன்னு ஒதுக்கிட முடியாது. பட்டியலை ஆதரித்த மூத்தவர்களும் உண்டு, தயங்கிய இளையவர்களும் உண்டு.

பிறகு?

செய்தியாளர் பிரியா ரமணி மீது முன்னாள் அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில், 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழித்தும், தான் விரும்பும் தளத்தில் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. சம்பவம் நடந்த காலத்தில் விசாகா நெறிமுறைகளே வந்திருக்கவில்லை என்பதையும் நீதிபதி குறிப்பிட்டார்.