கப்பல் புகையைப் பிடிக்க எவ்வளவு இடம் வேண்டும்?

மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்குப் புகைபோக்கி புதிதல்ல. பக்கத்தில் நிற்கும் நெய்வேலி என்.எல்.சி. நிறுவனத்தின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஏழு. மொத்தம் 1,470 மெகாவாட். அங்குள்ள இ.எஸ்.பி. கருவி சாம்பலைப் பிடித்து வைக்கிறது. கரியமில வாயுவை அது தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு அப்படியே வானத்துக்குப் போகிறது. பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் இந்த வாயு வெளிவரும். ஏழு அலகும் முழு வீச்சில் ஓடினால் மணிக்கு 1,400 டன்னைத் தாண்டும்.

அதைப் பிடிக்க வழி உண்டா என்றால், உண்டு. தரையில் அதற்கு இடமும் உண்டு. அதே வேலையைக் கடலில் ஓடும் கப்பலில் செய்யச் சொன்னால்தான் சிக்கல் தொடங்குகிறது.

பிடிப்பது எப்படி?

அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த நீர், சுமார் 40 டிகிரி சூட்டில் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். 110, 120 டிகிரிக்குச் சூடேற்றினால் விட்டுவிடும். இந்தக் குணத்தை வைத்து இரண்டு கோபுரங்கள் கட்டுகிறார்கள். முதல் கோபுரத்தில் அமீன் நீர் மேலிருந்து வழிய, புகை கீழிருந்து ஏறும். வாயுவைச் சுமந்த நீர் இரண்டாம் கோபுரத்தில் சூடேறி, வாயுவைக் கழற்றிவிட்டு, மறுபடி முதல் கோபுரத்துக்குத் திரும்பும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையின் நிலக்கரிக் கொதிகலனில் 2016-இல் இப்படியோர் அமைப்பு பொருத்தப்பட்டது. ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடித்து, அதையே சோடா உப்புத் தயாரிப்பில் மூலப்பொருளாக்குவது திட்டம். தொழில்நுட்பம் தந்தது ‘கார்பன் கிளீன்’ நிறுவனம். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனிருத்தா ஷர்மாவும் பிரதீக் பும்பும் தொடங்கியது அது.

கப்பலில் என்ன தடை?

முதல் தடை உயரம். தரையில் கோபுரம் பல மீட்டர் நிமிர்ந்து நிற்கலாம். கப்பலின் மேல்தளத்தில் அவ்வளவு எடையை உயரத்தில் ஏற்றினால் அதன் சமநிலை கெடும். போதாக்குறைக்குக் கப்பல் ஆடும். ஆடும்போது கோபுரத்துக்குள் வழியும் நீர் ஒரு பக்கமாக ஒதுங்க, மறுபக்கம் காய்ந்து கிடக்கும்; அந்த வழியாகப் புகை தப்பிவிடும். கப்பல் புகையில் கரியமில வாயுவின் பங்கும் குறைவு. நிலக்கரிக் கொதிகலன் புகையில் 12 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். கப்பலின் டீசல் எஞ்சின் புகையில் 5 விழுக்காட்டை ஒட்டித்தான். அதே அளவு வாயுவைப் பிடிக்க இரு மடங்குக்கும் மேலான புகையைக் கழுவ வேண்டும்.

இந்தத் தடைக்கு நல்ல விடை கிடைத்திருக்கிறது. 1970-களின் இறுதியில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் காலின் ராம்ஷா உருவாக்கிய சுழல்படுகைதான் அது. வாஷிங் மெஷினில் துணி பிழியும் தொட்டியைப் போலக் கம்பிவலை வளையம் ஒன்று வேகமாகச் சுழலும். நடுவில் விடப்படும் அமீன் நீர் நுண்துளிகளாகச் சிதறி வெளியே பாய, புகை வெளியிலிருந்து உள்ளே வரும். புவியீர்ப்பைவிடப் பல மடங்கு விசை கிடைப்பதால் சிறிய இடத்திலேயே வேலை முடிகிறது. கப்பல் ஆடினாலும் பெரிதாகப் பாதிப்பதில்லை. கார்பன் கிளீனின் புதிய கச்சிதக் கருவியும் இந்த வகைதான். மோட்டாருக்கு மின்சாரமும், பேரிங்குகளுக்கு நடுக்கடலில் பராமரிப்பும் வேண்டும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

இரண்டாவது தடை வெப்பம். வழக்கமான அமீனிடமிருந்து ஒரு டன் வாயுவை விடுவிக்க ஏறத்தாழ 1,000 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். நாளொன்றுக்கு 30 டன் எண்ணெய் எரிக்கும் சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் கன எண்ணெய் எரிந்தால் 3.1 டன் கரியமில வாயு வரும். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்வதால்தான் எடை இப்படிக் கூடுகிறது. ஒரு நாளில் வரும் வாயுவில் 70 விழுக்காட்டைப் பிடித்தால் 65 டன். இதை விடுவிக்கவே எண்ணெயின் மொத்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எஞ்சின் புகையின் கழிவு வெப்பம் ஓரளவு கைகொடுக்கும். மீதிக்குக் கூடுதலாக எண்ணெய் எரிக்க வேண்டும். எண்ணெயில் கந்தகம் இருந்தால் அமீன் கெடும் என்பதால் புகையை முன்கூட்டியே கழுவவும் வேண்டும்.

மூன்றாவது தடைதான் பெரியது: பிடித்ததை வைக்க இடம். சாதாரண காற்றழுத்தத்தில் இந்த வாயு திரவமாகாது. அழுத்திக் குளிர்வித்து, மைனஸ் 30 முதல் மைனஸ் 50 டிகிரி குளிரில் தொட்டிகளில் வைக்க வேண்டும். நம் கப்பல் பத்து நாள் ஓடினால் 650 டன். சுமார் 600 கன மீட்டர். அந்தப் பத்து நாளுக்கான எண்ணெய் அடைத்துக்கொள்ளும் இடத்தைப்போல இது இரு மடங்கு. சுழல்படுகை எவ்வளவு சிறுத்தாலும் இந்தத் தொட்டி சிறுக்காது.

எங்கே செய்து பார்த்தார்கள்?

ஜப்பானின் ‘கரோனா யுட்டிலிட்டி’ என்ற நிலக்கரிக் கப்பலில் 2021-இல் மிட்சுபிஷியின் சிறிய சோதனைக் கருவி ஏற்றப்பட்டது. பிடித்த வாயுவின் தூய்மை 99.9 விழுக்காட்டைத் தாண்டியது. நார்வேயின் சோல்வாங் நிறுவனம் ‘கிளிப்பர் ஈரிஸ்’ கப்பலில் வார்ட்சிலாவின் முழு அளவு அமைப்பைப் பொருத்தி 2025-இல் கடலில் இறக்கியது. இலக்கு 70 விழுக்காடு. 2050-ஐ ஒட்டிக் கப்பல்துறையின் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023-இல் இலக்கு வைத்ததும் இந்த முயற்சிகளை முடுக்கியது.

நமக்கு என்ன?

என்.எல்.சி.க்குத் தூத்துக்குடியிலும் 1,000 மெகாவாட் கூட்டு நிறுவன மின்நிலையம் இருக்கிறது. அதற்கு நிலக்கரி கடல் வழியாக வருகிறது. ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து தூத்துக்குடிக்குச் சில நாள் பயணம்தான். ஒரே வழி, ஒரே துறைமுகம். பெரிய தொட்டி தேவைப்படாது. பிடித்ததை ஒவ்வொரு முறையும் இறக்கலாம். கரியமில வாயுவை மூலப்பொருளாக்கத் தெரிந்த தொழிலும் அதே ஊரில் உண்டு. ஆனால் சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால், பிடித்த வாயு அங்கே மீண்டும் வெளியேறும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பசிபிக்கைக் கடக்கும் கப்பலுக்கு இந்த வசதிகள் எதுவும் கிடையாது.

ஆகவே, கப்பலுக்கான கச்சிதக் கருவி என்று யாராவது விளம்பரம் செய்தால் கருவியின் நீள அகலத்தோடு நிறுத்திவிடக் கூடாது. தொட்டி எவ்வளவு பெரியது, வெப்பம் எங்கிருந்து வருகிறது, எந்தத் துறைமுகத்தில் யார் இறக்கிக்கொள்வார்கள் என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் பதில் இருக்கும் வழித்தடங்களில்தான் இந்தக் கருவி முதலில் நிலைக்கும்.