திருச்சி விமான நிலையமும் நம் கடைத்தெருவும்



திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தை 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார். ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவான கட்டடம். அதே ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து பயணிகள் அதன் வழியாகப் போய் வருகிறார்கள். கட்டடத்தின் அழகைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. மளிகைக் கடைக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் அதனால் என்ன என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. நம் உறுப்பினர்களிலும் பலர், "அது பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன?" என்றுதான் பேசுகிறார்கள். நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரத்தில் இருக்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே இறங்கி ஏறுகிற ஒவ்வொரு விமானத்திலும் நம் கடைத்தெருவின் சரக்கு கொஞ்சமாவது இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1932-ல் டாடா கம்பெனியார் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் விமானம் விட்டார்கள். 1938-ல் அந்தத் தபால் மார்க்கம் கொழும்பு வரை நீண்டபோது திருச்சியும் அதில் ஒரு நிறுத்தமானது. ஆகவே இந்த ஊர் விமானத்தைப் பார்த்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை இந்தத் தளத்தைப் பயன்படுத்தியது. 1953-ல் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமை ஆனபின் இந்தியன் ஏர்லைன்ஸ் வந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடியும் டாடா கைக்கே போய்விட்டது வேறு விஷயம்.

திருச்சிக்கு யோகம் அடித்தது கொழும்பால்தான். அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் போட் மெயிலில் ஏறித் தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னார் இறங்குவார்கள். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளில் இலங்கைக் கலவரத்தோடு அதுவும் நின்றது. கடல் வழி அடைபட்டதும் நம் பக்கத்தவர்களுக்குக் கொழும்புக்குப் பக்கத்து வாசல் என்று இருந்தது திருச்சிதான். 2025 மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இங்கிருந்து நேரடி விமானம் தொடங்கியது.

அடுத்தது மலேசியாவும் சிங்கப்பூரும் வளைகுடாவும். தஞ்சாவூர், நாகை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றுவட்டாரத்தில் அக்கரைச் சம்பாத்தியம் இல்லாத ஊர் குறைவு. இவர்களை நம்பித்தான் 2008 டிசம்பரில் மலேசியாவின் ஏர் ஏசியா, இந்தியாவில் தன் முதல் ஊராகத் திருச்சியைத் தேர்ந்தெடுத்தது. பம்பாயும் டெல்லியும் இருக்க இந்த ஊரை எடுத்தார்கள் என்றால் கணக்குப் பார்க்காமலா எடுத்திருப்பார்கள்? 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரவை சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்தைக் கொடுத்தது. பெரும்பாலான ஊர்களில் உள்நாட்டுப் பயணிகள் அதிகம், வெளிநாட்டுப் பயணிகள் கொஞ்சம் என்று இருக்கும். இங்கே அது தலைகீழ்.

இந்தப் பயணிகள் நமக்கு இரண்டு வகையில் வாடிக்கையாளர்கள். லீவில் வந்தால் கல்யாணம், காதுகுத்து, வீடு கட்டுதல் என்று செலவு செய்கிறார்கள். அந்தப் பணம் முதலில் நகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் போனாலும், சமையல் சாமான் பட்டியல் நம்மிடம்தான் வந்தாக வேண்டும். இரண்டாவது, திரும்பிப் போகும்போது பெட்டி கட்டுகிறார்கள். அப்பளம், வத்தல், ஊறுகாய், மிளகாய்த் தூள், புளி, கருவாடு, முறுக்கு என்று ஒருவர் இருபது முப்பது கிலோ கொண்டு போவார். கிலோக் கணக்கை எடை பார்த்து, எண்ணெய் கசியாமல் கட்டிக் கொடுக்கிற கடைக்கு அந்தக் குடும்பம் வேறு கடை தேடாது. (குருவிகள் என்று ஒரு கூட்டம் சாமான் கொண்டு வந்து பர்மா பஜாரை நிரப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.)

பெட்டி கட்டிக் கொடுப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கசகசா நமக்குக் குருமாவில் அரைக்கிற சாமான். ஆனால் அது அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதைக் கொண்டு போவது குற்றம். ஜெயிலுக்கே போக நேரிடும். முழுக் கசகசா மட்டும் என்று நினைக்க வேண்டாம், அது சேர்ந்த மசாலாப் பொடியும் வம்புதான். வெளிநாடு போகிற வாடிக்கையாளர் மசாலா கேட்டால், கசகசா சேர்க்காத பொடியைத் தனியாக அரைத்து, அப்படியே சீட்டு எழுதி ஒட்டிக் கொடுங்கள். மெல்லும் புகையிலை வகைகளுக்கும் சிங்கப்பூரில் தடை. கொப்பரைத் தேங்காயை விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள். எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஊறுகாய், நெய் இவற்றைக் கைப்பையில் வைத்தால் வாங்கிப் போட்டுவிடுவார்கள், பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

இனி சரக்கு விஷயம். 2009-ல் அப்போதைய புது முனையம் திறந்தபின், பழைய முனையம் 2011-ல் ஏற்றுமதிச் சரக்கு வளாகமானது. அங்கிருந்து போவதில் பெரும்பகுதி அழுகும் பொருள்கள்: காய்கறி, கீரை, வாழை இலை, வெற்றிலை, பூ, முருங்கைக்காய், பழம். ஒட்டன்சத்திரத்திலும் திண்டுக்கல்லிலும் காந்தி மார்க்கெட்டிலும் பிடித்த சரக்கு மாலைக்குள் தரம் பிரித்து அட்டைப் பெட்டியில் அடைபடும். பயிர் நோய் இல்லை என்ற சான்று, சுங்கப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து இரவு விமானத்தில் ஏறினால், மறுநாள் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் விற்பனைக்கு இருக்கும். முகூர்த்த நாளில்லாத சமயத்திலும் மல்லிகை விலை இறங்கவில்லையே என்று சில நாள் நாம் யோசிப்போம். அக்கரையில் விசேஷம் இருந்தால் இங்கே பூ ஏறும். சின்ன வெங்காய விலைக்கு மட்டும் விமானத்தைக் குறை சொல்லவேண்டாம். அது பெரும்பாலும் கன்டெய்னரில் கப்பல் ஏறுகிற சரக்கு.

விமானக் கட்டணம் போடும் முறை லாரி புக்கிங் போல அல்ல. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் ஒரு எடை வரும். அதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம். 60, 40, 40 சென்டிமீட்டர் உள்ள பெட்டிக்கு இந்தக் கணக்கில் 16 கிலோ. அதில் எட்டு கிலோ கறிவேப்பிலை வைத்தாலும் பதினாறு கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே பெட்டிக்குள் காற்றை அனுப்புகிறவன் நஷ்டப்படுவான். இன்னொன்று, 45 கிலோ, 100 கிலோ, 300 கிலோ என்று படிப்படியாகக் கிலோ விலை குறையும். தனித்தனியாக இருபது கிலோ அனுப்புகிற ஐந்து பேர் ஒரே ஏஜென்ட் மூலம் சேர்த்து அனுப்பினால் நூறு கிலோ விலை கிடைக்கும்.

இங்கேதான் ஓடுபாதை வருகிறது. திருச்சிக்குச் சரக்குக்கென்றே தனியாக வந்து போகும் விமானம் வழக்கமாக இல்லை. பயணிகள் விமானத்தின் வயிற்றில் மிச்சமிருக்கும் இடம்தான் நமக்கு. பயணிகள், அவர்கள் பெட்டிகள், எரிபொருள் எல்லாம் போக எஞ்சிய எடையே சரக்குக்கு. பண்டிகைக் காலத்தில் ஆளுக்கு முப்பது கிலோ ஏறினால் காய்கறிப் பெட்டி தரையில் நிற்கும். கோடையில் இன்னும் சிரமம். சூட்டில் காற்று லேசாகிவிடுவதால் விமானம் எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். தூரம் போதாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். டிக்கெட் வாங்கிய ஆளை இறக்க முடியாது, எரிபொருளைக் குறைக்க முடியாது. முதலில் இறங்குவது முருங்கைக்காய்தான். எனக்குத் தெரிந்த ஏற்றுமதிக்காரர் ஒருவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை சரக்கு ஏறாமல் திரும்பியது. கீரை அன்றே குப்பைக்குப் போனது, காயைப் பாதி விலைக்கு உள்ளூரில் தள்ளினார்.

நம் ஓடுபாதையின் நீளம் 2,480 மீட்டர். கோவையில் 2,990. கொச்சியில் 3,400. கொழும்பு கட்டுநாயக்காவில் 3,350. பெரிய உடல் விமானங்கள் முழுப் பாரத்தோடு எழும்ப நம்முடையது போதாது. சின்ன விமானத்தில் சரக்குக்கு இரண்டு மூன்று டன் கிடைத்தாலே பெரிது, பெரிய விமானம் என்றால் பயணிகளோடு சேர்த்துப் பத்து டன்னுக்கு மேலும் ஏற்றலாம். வித்தியாசம் அவ்வளவு. நீட்டிப்புக்கான நிலம் எடுப்பு, அதில் ராணுவ நிலம் உட்பட, பல ஆண்டுகளாக இழுபடுகிறது. புதிய முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைத் தாங்கும் என்கிறார்கள். வாசலைப் பெரிதாக்கிவிட்டு வண்டிப் பாதையைப் பழையபடி விட்டிருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். மாவட்ட நிர்வாகத்துக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மனுக் கொடுக்கும்போது மேம்பாலம், பார்க்கிங் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து எழுதச் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

சிறிய அளவில் அனுப்பிப் பார்க்க விரும்பும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் வேண்டியது ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். பான் அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தால் 500 ரூபாய் கட்டணத்தில் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாம். காய்கறி, பழங்களுக்கு அபேடாவிலும், மிளகு, ஏலம், மஞ்சள் முதலியவற்றுக்கு ஸ்பைசஸ் போர்டிலும் பதிவு தேவை. அக்கரையில் சரக்கை எடுத்துப் பணம் அனுப்பக்கூடிய ஆள் யார் என்பதை இவற்றுக்கெல்லாம் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கடனுக்கு அனுப்பிவிட்டு, கடல் தாண்டி வசூலுக்குப் போக முடியாது.