ஒன்பதில் உதைக்கும் கணக்கு

இரவு ஒன்பதரை மணி. மளிகைக் கடையில் பில் கட்டின் கூட்டலுக்கும் பேரேட்டின் கூட்டலுக்கும் 63 ரூபாய் உதைக்கிறது. அனுபவப்பட்ட கணக்குப்பிள்ளை உடனே எல்லாவற்றையும் மறுபடி கூட்ட உட்காரமாட்டார். 63ஐ ஒன்பதால் வகுப்பார். மீதியில்லாமல் ஏழு. சரி, எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று 18, 29 போன்ற எண்களைத் தேடுவார். 81ஐ 18 என்றோ, 92ஐ 29 என்றோ எழுதியிருந்தால் வித்தியாசம் சரியாக 63தான். (70 ரூபாயை 700 என்று எழுதினாலும் 630, அதுவும் ஒன்பதின் மடங்கு.) தற்செயலாகவும் ஒன்பதால் வகுபடலாம், ஆனாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அதென்ன ஒன்பது? பத்து ரூபாய்த் தாளில் 9 போனால் மிச்சம் 1. நூறில் 99 போனாலும் மிச்சம் 1. ஆயிரத்தில் 999 போனாலும் அதே 1. ஆகவே 4,725 என்பதில் ஒன்பதுகளை உதறினால் 4, 7, 2, 5 மட்டுமே நிற்கும். கூட்டினால் 18, ஒன்பதால் வகுபடும், 4,725ம் வகுபடும். இலக்கங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் கூட்டல் மாறாது. அதனால்தான் இடம் மாறிய எண்ணுக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதின் மடங்காகிறது. பள்ளியில் இதை வெறும் விதியாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறோம். நாலு ரூபாய்த் தாளைக் காட்டினால் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

இதைக் கொண்டு பெருக்கலையும் சரிபார்க்கலாம். 47 × 38 = 1786. 47க்கு 4+7=11, அதிலிருந்து 2. 38க்கும் 2. இரண்டையும் பெருக்கினால் 4. விடையில் 1+7+8+6=22, அதுவும் 4. பொருந்துகிறது. 1776 என்று எழுதியிருந்தால் 3 வந்து மாட்டிக்கொள்ளும்.

ஆனால் 1768 என்று எழுதினால்? அதற்கும் 4தான்! பேரேட்டில் இடமாற்றத்தைக் காட்டிக்கொடுத்த அதே ஒன்பது இங்கே கண்ணை மூடிக்கொள்கிறது.

இந்த ஓட்டையை அடைக்க 11 இருக்கிறது. வலமிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 47க்கு 7−4=3, 38க்கு 8−3=5; பெருக்கினால் 15, அதற்கு 5−1=4. 1786க்கு 6−8+7−1=4, சரி. 1768க்கு 8 வருகிறது, பிடிபட்டது.

2006 வரை புத்தகங்களுக்குத் தரப்பட்ட பத்து இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் காவல் இந்த 11தான். பழைய புத்தகத்தின் பின்னட்டையில் அந்த எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' எழுத்து நின்றால் அது அச்சுப்பிழை அல்ல. பதினொன்றால் வகுத்துக் கிடைக்கும் மீதிதான் அந்தக் கடைசி இடத்தில் நிற்கும், அது பத்தாகவும் வரலாம். பத்துக்குத் தனி இலக்கம் கிடையாதே, ரோமானியரிடம் கடன் வாங்கிவிட்டார்கள்.